இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்

சென்னை அண்ணா நகரில் சில தெருக்களுக்கென்று ஒரு முகம் உண்டு. ஜெராக்ஸ் கடை வாசலில் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். மாத வாடகைக்கு ரீடிங் ரூம், மாத டோக்கனுக்கு மெஸ். டீக்கடையில் நிற்கிற இளைஞர்கள் முதல் சந்திப்பில் வயதையோ ஊரையோ கேட்க மாட்டார்கள். "எத்தனாவது அட்டெம்ப்ட்?" என்றுதான் கேட்பார்கள். ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற பணிகளுக்காக, மத்திய அரசின் தேர்வாணையமான யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் தெருக்கள் அவை. நான் அங்கே நாலு வருஷம் இருந்தேன். நாலு முறை எழுதினேன். விதிப்படி இன்னும் ஐந்து முறை எழுத இடம் இருந்தபோது, 2019 ஆகஸ்டில், போதும் என்று ஊருக்குப் போய்விட்டேன்.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்வது, அதற்காகப் பிறகு நொந்துகொள்ளாமல் இருப்பது என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் எல்லாமே சரியாகத்தான் ஒலிக்கும், ஒன்றும் பிடிபடாது. அதனால் எனக்குத் தெரிந்த இந்த ஒரு தேர்வை வைத்தே பேசுகிறேன். போகிற வழியில் ஆய்வாளர்கள் சிலரின் சோதனைகளும் வரும். அவற்றில் பலவற்றை நான் விட்ட பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் முன்பே விட்டிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான்.

முதலில் தேர்வின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 10,16,850 பேர் விண்ணப்பித்தார்கள். முதல் கட்டமான பிரிலிம்ஸ் எழுத வந்தவர்கள் 5,92,141. இரண்டாவது கட்டமான மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 14,624. அதிலிருந்து 2,855 பேர் டெல்லிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள். கடைசிப் பட்டியலில் இருந்தது 1,016 பேர். விண்ணப்பித்த ஆயிரம் பேரில் ஒருவர். ஏறக்குறைய இந்த மாதிரியான கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தோம். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதை முட்டாள்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 24 வயதில், கையில் ஒரு பொறியியல் பட்டமும் மூன்று வருஷ வேலையில் சேர்த்த கொஞ்சம் பணமும் உள்ள ஒருவன் இரண்டு வருஷம் முயன்று பார்ப்பது நியாயமான பந்தயம். சிக்கல் பந்தயத்தில் நுழைந்ததில் இல்லை. வெளியே வரும் வாசல் எங்கே என்று பார்க்காமல் நுழைந்ததில் இருக்கிறது.

அந்த வாசலை நமக்காக அரசாங்கம் வைத்திருக்கிறது. அதுவும் வெகு தூரத்தில். பொதுப் பிரிவினருக்கு ஆறு முறை, 32 வயது வரை. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒன்பது முறை, 35 வயது வரை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2014க்கு முன் பொதுப் பிரிவுக்கு நாலு முறைதான் இருந்தது. அந்த ஆண்டில் எல்லோருக்கும் இரண்டு வாய்ப்பு கூட்டினார்கள். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கணக்கில் வராது, பிரிலிம்ஸில் ஒரு தாள் எழுதினாலும் ஒரு அட்டெம்ப்ட் போய்விடும். இந்த விதிகள் நல்லெண்ணத்தோடு வந்தவை. கிராமத்திலிருந்து தாமதமாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் வருஷங்கள் பெரிய உதவி. ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு. விதி அனுமதிக்கும் கடைசி நாளையே நாம் நம் கடைசி நாளாக எடுத்துக்கொள்கிறோம். 21 வயதில் தொடங்கியவருக்கு 35 என்றால் பதினாலு வருஷம். எழுதலாம் என்று சட்டம் சொல்வதும், நான் எழுத வேண்டுமா என்ற கேள்வியும் வேறுவேறு. அண்ணா நகரில் அந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அப்புறம் அந்த வாக்கியம்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு."

1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு சோதனை செய்தார்கள். பருவம் முழுவதற்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, 15 டாலர். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவானது. எல்லோரும் அதே நாடகம், அதே இருக்கை. ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று வந்தார்கள். காசோ எப்போதோ போய்விட்டது. வந்தாலும் வராவிட்டாலும் அது திரும்பாது.

நம் வீடுகளில் இதற்கு ஆய்வு தேவையில்லை. கல்யாணச் சாப்பாட்டில் இலையில் விழுந்துவிட்டது என்பதற்காக மூன்றாவது முறை பாயசம் குடித்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பலர், "போனது போகட்டும், கடந்ததைக் கணக்கிலேயே எடுக்காதே" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கடந்ததைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். மூன்று முறை பிரிலிம்ஸே தேறவில்லை என்றால் அது ஒரு செய்தி. மூன்றாவது முறை நேர்முகத் தேர்வு வரை போயிருந்தால் அதுவும் ஒரு செய்தி, வேறு மாதிரி. கடந்த வருஷங்கள் அடுத்த வருஷத்தைப் பற்றி ஏதாவது சொல்கின்றனவா என்று கேட்கலாம். நாம் அப்படிக் கேட்பதில்லை. அந்த வருஷங்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது போலவும், அடுத்த வருஷத்தைக் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்பது போலவும் நினைக்கிறோம். அம்மாவின் இரண்டு வளையல் கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது எனக்கு. நான்காவது முறை எழுதியதில் அந்த வளையலுக்கும் பங்கு உண்டு. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான்: வளையலை மீட்க வேலைக்குப் போக வேண்டும், நான் அதற்காகவே வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது முறைக்கு இன்னொரு காரணம் கொஞ்சம் சிக்கலானது. மூன்றாவது முறையில், அதாவது 2018 தேர்வில், நேர்முகத் தேர்வு வரை போய்விட்டேன். டெல்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸின் வட்டமான முகப்பைப் பார்த்தபடி கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. 2019 ஏப்ரல் 5 அன்று முடிவு வந்தது. மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் எனக்குப் பதினோரு மதிப்பெண் போதவில்லை. அடுத்த பிரிலிம்ஸ் ஜூன் 2. நடுவில் 58 நாள். அழுவதற்குக்கூட நேரம் ஒதுக்க முடியாத இடைவெளி. மறுபடி எழுதினேன், பிரிலிம்ஸிலேயே போனேன்.

மயிரிழையில் தவறுவது பற்றி 1995இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. விக்டோரியா மெட்வெக், ஸ்காட் மேடி, தாமஸ் கிலோவிச் மூவரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் காட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். போட்டி முடிந்த கணத்தில் வீரர்களின் முகத்தைப் பார்த்து, அவர் எவ்வளவு மகிழ்ச்சியாகத் தெரிகிறார் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். போட்டவர்களுக்கு யார் எந்தப் பதக்கம் என்று சொல்லவில்லை. வெண்கலம் வாங்கியவர்களுக்கு சராசரி 7.1. வெள்ளி வாங்கியவர்களுக்கு 4.8. மூன்றாமவர் தன்னை நாலாமவரோடு ஒப்பிட்டுத் தப்பித்தோம் என்கிறார். இரண்டாமவர் கண்ணில் தங்கம் மட்டும்தான்.

பிரிலிம்ஸில் போனவனைவிட நேர்முகத்தில் போனவன் அதிகம் உடைந்து போவதை அண்ணா நகரில் எந்த மெஸ் மாஸ்டரும் சொல்வார். ஆனால் வலியைவிட ஆபத்தான ஒன்று அதில் உண்டு. பதினோரு மதிப்பெண் என்றதும், "அடுத்த தடவை நிச்சயம்" என்று தோன்றிவிடும். அந்தத் தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று அப்போது பார்க்கத் தோன்றாது. பொதுப் பிரிவுக்கான பிரிலிம்ஸ் கட்-ஆஃப், அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், 2018இலும் 2019இலும் 200க்கு 98. அதுவே 2020இல் 92.51, 2022இல் 88.22, 2023இல் 75.41. வினாத்தாள் மாறுகிறது, தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிகிறது, பத்துப் பதினைந்து கேள்விகளைப் பாதி ஊகத்தில்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். 2016 தேர்வில் 1,099 பேரைப் பரிந்துரைத்தார்கள், 2018இல் 759, 2021இல் 685. ஒரு வருஷம் தொள்ளாயிரமாவது இடத்தில் இருந்து பணிக்குப் போனவர், இன்னொரு வருஷமாக இருந்தால் அதே எழுத்துக்கு அண்ணா நகர் திரும்பியிருப்பார். கொஞ்சத்தில் தவறினோம் என்பதால் அடுத்த முறை கொஞ்சம் மட்டுமே தேவை என்று ஆகாது. ஒவ்வொரு முறையும் பிரிலிம்ஸில் பூஜ்யத்திலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

ஜூலையில் பிரிலிம்ஸ் முடிவு வந்து ஒரு மாதம் கழித்து முடிவெடுத்தேன். அந்த ஒரு மாதத்தில் கேட்ட வசனங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடிவை மாற்றுவதற்கு நம் ஊரில் உள்ள கூச்சம் அதில் முழுசாக வெளிப்பட்டது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாமா ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ளே, எண்ணித் துணிக கருமம்னு வள்ளுவன் சொல்லியிருக்கான். துணிஞ்ச பொறவு யோசிக்கவே கூடாது, கேட்டியா?" என்றார்.

அந்தக் குறளை இப்படித்தான் பாதிப் பேர் பயன்படுத்துகிறார்கள். 467ஆம் குறள், தெரிந்துசெயல்வகை அதிகாரம்: "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு." இதில் வள்ளுவர் குற்றம் என்பது எதை? முதலில் இறங்கிவிடுவோம், யோசிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற மனப்போக்கை. யோசனையை ஒத்திப்போடுவதுதான் அங்கே இழுக்கு. நன்றாக யோசித்து இறங்கிய ஒருவன், பாதி வழியில் நிலைமை மாறியதைக் கண்டு மறுபடி யோசித்தால் அது தவறு என்று அந்த இரண்டடியில் எங்கேயும் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. ரசம் வந்துவிட்டது. தவிர, அந்தக் குறள் என்னைத் தாக்கும் இடம் வேறு என்பது எனக்கே உறைத்தது: 2015இல் நான் எத்தனை முறை எழுதுவேன், எங்கே நிறுத்துவேன் என்று எண்ணித் துணியவில்லை. எண்ணுவம் என்றுதான் போனேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பம் அந்தப் பொஸ்தகத்தை எல்லாம் பஸ்ஸுல எப்படிலே கொண்டு வருவ? லக்கேஜ் போட்டுருவான். பார்சல்ல போட்டுட்டு வா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி வருத்தம். விட்ட அன்றைக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை கிடைத்தது, வளையல் வீட்டுக்கு வந்தது. வருத்தம் வந்தது பிறகு ஒரு நாள், என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஆறாவது முறையில் தேறியபோது. அவரும் நானும் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்தவர்கள். அவர் தொடர்ந்தார், நான் விட்டேன். அன்று இரவு முழுக்க ஒரே கணக்கு: இன்னும் இரண்டே இரண்டு முறை எழுதியிருந்தால்?

அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. இரண்டையும் ஆய்வாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். 1988இல் ஜொனாதன் பாரன், ஜான் ஹெர்ஷி இருவரும் மருத்துவர் எடுத்த ஒரே முடிவை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு கதையில் அறுவை சிகிச்சை வெற்றி. இன்னொன்றில் நோயாளி இறந்துவிடுகிறார். மருத்துவருக்கு முன்கூட்டித் தெரிந்த விவரங்கள் இரண்டிலும் ஒன்றே. இருந்தும் நோயாளி இறந்த கதையில் அந்த முடிவை இன்னும் மோசமாக மதிப்பிட்டார்கள். விளைவைப் பார்த்து முடிவுக்கு மதிப்பெண் போடுவது. என் நண்பர் ஆறாவது முறையும் தவறியிருந்தால், அதே நான், அதே ஆகஸ்ட் முடிவை, எவ்வளவு புத்திசாலித்தனம் என்று மெச்சியிருப்பேன். என் முடிவு நல்லதா கெட்டதா என்பது டெல்லியில் யாரோ திருத்திய அவருடைய விடைத்தாளில் எப்படி இருக்க முடியும்?

இரண்டாவது ஓட்டை இன்னும் நயமானது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், பாரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் இருவரும் இஸ்ரேலில் மாணவர்களிடம், அந்தப் பயணத்தில் இது நடக்குமா, அது நடக்குமா, எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் அன்று என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் அன்றே அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகப் பலருக்கு நினைவு இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. நினைவே திருத்தி எழுதிக்கொண்டது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று நம் ஊர்த் திண்ணையில் அடிக்கடி கேட்கும் குரல் இதுதான். வருத்தப்படும்போது அந்தத் திண்ணைப் பெரியவர் நமக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்: தேறியிருப்பாய், அப்பவே உனக்குத் தெரியும், பயந்து ஓடிவிட்டாய்.

என்னைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். விட்ட வாரத்தில், இந்த ஆய்வெல்லாம் தெரியாமல், கோபத்தில் எழுதியது. தேதி, வயது 28, கையில் உள்ள பணம், வாங்கிய கடன், கட்-ஆஃப், என் மதிப்பெண்கள், அடுத்த முறை தேறுவேன் என்று நான் நினைக்கும் வாய்ப்பு: நூற்றுக்குப் பதினைந்து. அதற்குக் கீழே, "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது" என்று ஒரு வரி. அந்த வரியை நான் சுத்தமாக மறந்திருந்தேன். நண்பர் தேறிய இரவில் நான் போட்ட கணக்கில் அம்மாவின் கண் இல்லவே இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வருத்தம் பறந்துபோனது என்று சொன்னால் கதை விடுகிறேன் என்று அர்த்தம். ஆனால் யாரைக் குற்றம் சொல்கிறேனோ அந்த ஆளின் வாக்குமூலம் கையில் கிடைத்தது. அவன் அப்படி ஒன்றும் முட்டாளாகத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு குறளைச் சொல்ல வேண்டும். மாமாவின் குறளைவிட இது எனக்கு நெருக்கம். வினைத்தூய்மை அதிகாரம், 655: "எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று." என்ன காரியம் செய்துவிட்டேன் என்று பின்னால் இரங்கும்படியானவற்றைச் செய்யாதே என்பது முதல் பகுதி. அதில் சண்டை இல்லை. பிற்பகுதியில் "அன்ன" என்பது எதைச் சுட்டுகிறது என்பதில்தான் பொருள் இரண்டாகப் பிரிகிறது. பள்ளியில் நாம் படித்த பொருள்: ஒருவேளை அப்படிச் செய்துவிட்டால், மறுபடி அதுபோன்ற செயலைச் செய்யாமல் இருப்பது நல்லது. பரிமேலழகர் வேறு வழியில் போகிறார். "அன்ன" என்பது அந்த இரங்கல்களைச் சுட்டுகிறது என்று கொண்டு, மயங்கி ஒருமுறை செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து இரங்காமல் இருப்பது நல்லது என்கிறார்.

இலக்கண அடிப்படையில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரே சொல் ஒரு பக்கம் பாடத்தையும் இன்னொரு பக்கம் வருத்தத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பதை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பொதுவாகப் பலர் வருத்தம்தான் பாடம் கற்பிக்கும் என்று நினைக்கிறார்கள். வருந்தாதவன் திருந்தமாட்டான் என்பது நம் வீட்டு வளர்ப்பு. என் அனுபவத்தில், ஆரம்பத்து வருத்தம் கொஞ்சம் உதவியது. எதையோ கவனிக்கச் சொன்னது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சுற்று வருத்தமும் தப்புப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது. தமிழ் இலக்கியத்துக்குப் பதிலாகப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கலாம். அந்த டெஸ்ட் சீரிஸ் சேர்ந்திருக்கலாம். டெல்லிக்கே போய், கோச்சிங் சென்டர்கள் நிறைந்த ராஜேந்திர நகரில் படித்திருக்கலாம். இவையெல்லாம் பாடம் போலத் தெரியும், பாடம் இல்லை. தேறிய நண்பரின் விருப்பப் பாடமும் தமிழ் இலக்கியம்தான்.

சரி, முடிவை மாற்றுகிறவர்கள் பொதுவாகப் பிறகு நன்றாக இருக்கிறார்களா? இதற்கு விசித்திரமான ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2013இல் ஒரு இணையப் பக்கம் திறந்தார். வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் வந்து பூவா தலையா போட்டுக்கொள்ளலாம். தலை விழுந்தால் மாற்று, பூ விழுந்தால் அப்படியே இரு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. எல்லோரும் நாணயம் சொன்னபடி செய்யவில்லை, ஆனால் தலை விழுந்தவர்கள் மாற்றத்தைச் செய்வது கணிசமாகக் கூடியது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய விஷயங்களில் மாற்றத்தைச் செய்தவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று கிளம்பக் கூடாது. நாணயம் சுண்ட வந்தவர்கள் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்கள். படிப்பில் மூழ்கி, தேறுவோம் என்ற நல்ல காரணத்தோடு இருப்பவர் அந்தப் பக்கத்துக்கே போயிருக்க மாட்டார். ஆனால் விளிம்பில் நிற்பவர்கள் தேவைக்கு அதிகமாக அங்கேயே நிற்கிறார்கள் என்பதை இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இதற்கு எதிராக நிற்பது போலத் தோன்றும் ஆய்வும் ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் கோச்சிங் சென்டர் மேடைகளில் பேசுவார்கள். கிலோவிச்சும் மெட்வெக்கும் 1990களில் கண்டது: சமீபத்திய வருத்தங்களில் செய்த செயல்கள் அதிகம் வரும், வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால், செய்யாமல் விட்டவையே அதிகம் வரும். இதைச் சொல்லி, "முயற்சி பண்ணாம விட்டா காலமெல்லாம் வருத்தப்படுவீங்க" என்று முடிப்பார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், ஐந்தாவது முறை எழுதுவது எந்தக் கணக்கில் செயல்? முதல் முறை எழுதியது செயல். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, பெட்டியோடு ரயிலேறியது செயல். ஐந்தாவது முறை என்பது அதே அறை, அதே நோட்ஸ், அதே மெஸ். இருந்த இடத்தில் இருப்பது. அங்கே செய்யாமல் விட்டுக்கொண்டிருந்தது வேறு: வேலை, கல்யாணம், சைக்கிளில் சுற்றுவது, அப்பாவோடு குற்றாலம் போவது. எது செயல், எது செயலின்மை என்பது நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மேடையில் பேசுகிறவர் ஒரு பக்கம் நின்று மட்டும் பேசுகிறார். அவருக்குக் கட்டணம் வருகிற பக்கம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விட்ட பிறகும் விடாமல் இருப்பது என்று ஒன்று உண்டு. அதைத்தான் முதல் ஒரு வருஷம் நான் செய்தேன். வேலைக்குப் போனாலும் தினமும் இந்து நாளிதழைக் கோடு போட்டுப் படித்தேன், கட்டிலுக்கு அடியில் புத்தகப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தேன். 35 வயது வரை கதவு திறந்திருக்கிறதே. ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் இருவரும் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தொடுகிறது. புகைப்படப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் தாங்கள் எடுத்து அச்சிட்ட இரண்டு நல்ல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரிவினருக்கு, சில நாளில் மனம் மாறினால் படத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கு, இப்போது எடுத்ததுதான் முடிவு. பிறகு கேட்டபோது, மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்திருந்தது. மாற்றலாம் என்று இருந்தவர்கள் மனம் அந்த மற்றப் படத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதே நல்லது என்பார்கள்.

பெட்டியை ஊரில் உள்ள கிளை நூலகத்துக்குக் கொடுத்தேன். நூலகர் பாதியைப் பழைய பதிப்பு என்று திருப்பிவிட்டார். அவை எடைக்குப் போயின. கிலோ பன்னிரண்டு ரூபாய். நாலு வருஷத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் கிடைத்தது, அதில் பரோட்டா சாப்பிட்டேன்.

அப்படியானால் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால், ரொம்பக் கொஞ்சம். தொடங்கும் முன்பே நிறுத்தும் இடத்தைத் தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. இரண்டு முறை பிரிலிம்ஸ் தேறாவிட்டால் நிறுத்து என்றோ, இந்தத் தொகை தீர்ந்தால் நிறுத்து என்றோ, ஏதோ ஒன்று. தோல்வி வந்த வாரத்தில் அதை யோசித்தால் யோசிப்பது நாம் இல்லை, அந்த வாரம். படிக்கும்போதே வேறு ஒரு கதவில் கால் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளோ வங்கித் தேர்வோ எழுதினால் கவனம் சிதறும் என்று எங்களுக்குள் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. இப்போது யுபிஎஸ்சியே, நேர்முகத் தேர்வு வரை வந்து தவறியவர்களின் விவரங்களை அவர்கள் சம்மதத்தோடு மற்ற நிறுவனங்கள் பார்க்கும்படி செய்திருக்கிறது. 2018இல் தொடங்கிய ஏற்பாடு, 2025இல் பிரதிபா சேது என்ற பெயரில் வந்தது. அந்த மட்டத்துக்கு வந்தவர் திறமையில்லாதவர் அல்ல என்பதைத் தேர்வாணையமே ஒப்புக்கொள்கிற மாதிரிதான் இது.

எழுதியதை வீணென்று நான் நினைக்கவில்லை. அது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. கிளெய்ம் பிரிவில் என் வேலையே நூறு பக்க மருத்துவக் கோப்பைப் படித்து அரைப் பக்கத்தில் நியாயமாகச் சுருக்குவது. 250 வார்த்தைக்குள் பதில் எழுதிப் பழகிய கை அதற்கு உதவுகிறது. ஆனால் இதைச் சொன்னால் சிலர் உடனே, "எல்லாம் நன்மைக்கே" என்கிறார்கள். இல்லை. சிலது நன்மைக்கு, சிலது நஷ்டம்தான். அம்மாவின் கண் ஒரு வருஷம் முன்னாலேயே சரியாகியிருக்கலாம். அதை நஷ்டம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்காக 24 வயது ஆளைக் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை.

போன மாதம் சித்தப்பா மகன் ஊருக்கு வந்திருந்தான். வயது 29, ஐந்து முறை முடிந்திருக்கிறது. கடைசி முறை மெயின்ஸில் போய்விட்டது. "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க, எழுதட்டுமா விடட்டுமா?" என்றான். நான் எதையும் சொல்லவில்லை. என் நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டி, இதே மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்றேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். தேதி, வயது, கடன், மதிப்பெண் எல்லாம் எழுதியிருந்தான். அடுத்த முறை தேறும் வாய்ப்பு என்ற இடத்தில் முதலில் 50 என்று எழுதி அடித்திருந்தான். அதன் பக்கத்தில் 30. அதையும் அடித்திருந்தான். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.